நியாயமான வாடகைக்காரர்

சோலை வரி என்று பெயர்.
என் காணியில் சோலை இல்லை.
இரண்டு தென்னை, மதிலில் சாய்ந்த முருங்கை,
கிணற்றடியில் தானாய் முளைத்த பப்பாசி.
"மரத்துக்கு இல்லையக்கா, வீட்டுக்குத்தான்"
என்றார் பரிசோதகர் நிரோஜன்,
அளவு நாடாவின் மறுமுனையை
என் கையில் தந்தபடி.

சாவகச்சேரி நகரசபையிலிருந்து
புரட்டாதி வெயிலில் மோட்டார்சைக்கிளில் வந்தவர்.
விறாந்தையை அளந்தார். குசினியை அளந்தார்.
சீற்றுக் கூரையை அண்ணாந்து பார்த்து
ஒரு கட்டத்துக்குள் ஏதோ எழுத்துப் போட்டார்.
பிறகு கேட்டார்:
"இதை வாடகைக்கு விட்டால்
மாசம் எவ்வளவு வரும்?"

நான் விடுறதில்லையே, தம்பி.

"ஓம். ஆனா, விட்டால்?"

அப்போதுதான் விளங்கியது,
நகரசபை என் வீட்டில் ஓர் ஆளைக் குடிவைத்திருப்பது.
வெளிநாட்டுக் காசை வாரி இறைக்கிறவர் இல்லை,
சொந்தம் என்று பாதி தருகிறவரும் இல்லை,
ஊர் விலைக்கு வருகிற நியாயமான மனிசன்.
அவர் ஒரு வருடத்தில் தரக்கூடியதில்
திருத்த வேலைக்கென்று கொஞ்சம் கழித்தால்
மிஞ்சுவது வீட்டின் வருட மதிப்பு.
அறுபதாயிரம்.
அதில் நூற்றுக்கு எட்டை நான் கட்டவேண்டும்.
அவர் ஒரு சதமும் கட்டமாட்டார்.

பார்மசி பூட்டி ஏழு மணிக்கு வந்து
கதவைத் திறக்கும்போது அவர் நினைவு வரும்.
மேற்கு அறையை எடுப்பாரா, பின்னேரம் சுடுமே.
ஷெல் துண்டு பட்ட சுவரில்
நான் பூசிய சீமெந்து மட்டும் வேறு நிறம்.
கேட்பாரோ, கேட்டு விலை குறைப்பாரோ.
ஐப்பசியில் கூரை ஒழுகியபோது
வாளியை வைத்துவிட்டு அவரிடம் சொன்னேன்:
உதுக்குத்தான் ஏற்கெனவே கழிச்சாச்சு.

இன்னொருவரும் உண்டு.
ஏழு வருடத்துக்கு முன் வீட்டை எனக்கு விற்ற
வி. எதிர்மன்னசிங்கம்.
உறுதி என் பேரில்,
சபை இடாப்பு இன்னும் அவர் பேரில்.
வவுனியாவில் மகளோடு இருக்கிறார்.
தை பிறந்தால் போன் எடுப்பார்:
"பிள்ளை, சோலை வரி கட்டியாச்சோ?
என்ர பேரெல்லோ கிடக்கு."

ஆக, கணக்குப்படி
இந்த வீட்டுக்கு ஓர் உரிமையாளர், ஒரு வாடகைக்காரர்.
முற்றம் கூட்டுகிறவள் எந்த நிரலிலும் இல்லை.

மதிப்பீட்டை ஆட்சேபிக்கலாம் என்று
அறிவித்தலின் அடியில் சின்ன எழுத்து இருந்தது.
கொப்பித் தாள் கிழித்து இருந்தேன்.
ஒன்று, கூரை.
இரண்டு, வாய்க்கால் மாரியில் வாசலுக்கு வரும்.
மூன்று, மலசலகூடம் வெளியே.
நான்கு, ஒழுங்கை விளக்கு மூன்று மாதமாய் எரியவில்லை.
ஐந்து, சுவர், அந்த நிறம்.
ஆறாவதை எழுதும்போது கோபம் வந்தது.
ஆரின் வீட்டைப் பற்றி இப்படி எழுதுகிறேன்?
ஏழு வருடச் சீட்டுக்காசு, இரண்டு சோடிக் காப்பு,
அடைவிலிருந்து மீளாத சங்கிலி.
அப்படி ஒருத்தர் இதற்கு வரமாட்டார் என்று
நானே கையெழுத்துப் போடுவதா?
வருவார். அறுபதுக்கும் வருவார்.
தாளை மடித்து
ஆடுகிற மேசைக் காலுக்குக் கொடுத்தேன்.

தை இருபத்தொன்பது, வெள்ளி.
மாதம் முடியமுன் முழுதாய்க் கட்டினால்
பத்து வீதம் கழிவு.
நாலாயிரத்து எண்ணூறில் நானூற்று எண்பது போக
நாலாயிரத்து முந்நூற்று இருபது.
கவுண்டரில் புதுப்பிள்ளை, குகதாரணி என்று அட்டையில்.
கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"எதிர்மன்னசிங்கத்துக்கு நீங்கள் என்ன முறை?"

முறை ஒன்றும் இல்லை.
கட்டுறவள்.

பேர் மாற்றும் படிவம் ஒன்று தந்தாள்.
உறுதிப் பிரதி, நில அளவைப் படம்,
நிலுவை இல்லை என்ற கடிதம்,
அந்தக் கடிதத்துக்கு வேறொரு படிவம்.
மிச்சம் எண்பது ரூபாயையும் எண்ணித் தந்தாள்.

இருட்டிவிட்டது வீடு திரும்ப.
ஒழுங்கை முகப்பில் சைக்கிளை நிறுத்தி
போன் வெளிச்சத்தில்
எரியாத விளக்குக் கம்பத்தின் இலக்கத்தைத் தேடினேன்.
பழைய தேர்தல் நோட்டீசுக்குக் கீழே இருந்தது.
நகத்தால் சுரண்டி
பற்றுச்சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.