மூன்றாம் சேனல்

மூன்று நாள் எடுத்த டேக்குகளில்
கதாநாயகி வாய் திறக்கும் இடமெல்லாம்
அடியில் யாரோ கப்பிக்கல் மெல்கிறார்கள்.

இயக்குநர் என் மைக்கைச் சந்தேகித்தார்.
நான் கேமரா கட்டிய பிக்கப்பைச் சந்தேகித்தேன்.
வண்டி ஓட்டும் வேதகிரி
சென்னைச் சாலைகளைச் சந்தேகித்தார்.
அவரிடம்தான் ஆதாரம் நிறைய இருந்தது.

சாலிகிராமம், ஜபருல்லா பட்டறை.
போன வாரமே இரண்டு பேரிங் மாற்றியாயிற்று.
இன்று டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெயை வடித்து
இரு விரலில் தேய்த்து வெயிலில் காட்டினார்.
இரும்புத்தூள் மினுங்கவில்லை,
தண்ணீர் கலந்து வெளுக்கவும் இல்லை.
"பொட்டி சுத்தம் மேடம்."
ஸ்க்ரூடிரைவர் பிடியைக் காதில் ஊன்றி
அச்சு அச்சாக நாடி பார்த்தார்.
நிற்கிற வண்டி ஊமை.
"ஓடும்போது கேக்கணும்."

என்னிடம் நாலு காலர் மைக் இருந்தன.
முந்தின நாள் கல்யாணக் காட்சியில்
பட்டுப்புடவை மடிப்புக்குள் ஒளிந்திருந்தவை.
கிரீஸைத் துடைத்து, டேப் சுற்றி
சக்கரத்துக்கு ஒன்றாகக் கட்டினோம்.
மாப்பிள்ளை வீட்டார் நால்வர் போல இருந்தார்கள்,
எல்லாவற்றையும் கேட்டுவைத்துக்கொள்ள.

இந்த ஊரில் அமைதி
விடியற்காலை மூன்றரைக்கு மேல்
ஒரு நாற்பது நிமிடம் கிடைக்கும்.
ஆற்காடு சாலையில் அதுவும் இல்லை,
மெட்ரோவுக்குத் துளை போடுகிறார்கள்.
நூறடிச் சாலைக்குப் போனோம்.
பால் வேன், கோயம்பேட்டுக்குப் போகும் கறிவேப்பிலை லாரி,
தடுப்புச்சுவர் தாண்டிய ஒருவரின் ரப்பர் செருப்பு,
எல்லாம் என் ஹெட்போனுக்குள் நடந்துபோயின.

சமதளத்தில் ஒன்றுமில்லை.
மேம்பாலத்தில் ஏறி
வேதகிரி ஆக்சிலரேட்டரை அழுத்தியதும்
மூன்றாம் சேனலில் வந்தது
க்கர்ர்ர்
தூக்கத்தில் பல்லை நறநறக்கும் குழந்தை மாதிரி,
ஆனால் இரும்புக் குழந்தை.

"வலது முன்னாடி" என்றேன்.
"நேரா போ, திருப்பாத, ஃபோர் வீல் போடு."
போட்டார்.
நின்றுவிட்டது.

நாலும் இழுக்கையில் சத்தமில்லை,
பின்னிரண்டு மட்டும் இழுக்கையில்தான்.
எனக்குத் தலைகீழாகப் பட்டது.
ஜபருல்லா பின்சீட்டில் தொடையைத் தட்டினார்:
"இந்த வண்டில முன்சக்கரம், சும்மா விட்டா
அச்சோட போய்க் கோத்துக்கும்.
எஞ்சின் காத்த உறிஞ்சி இழுத்துப் பிடிச்சாத்தான்
தனியா சுத்தும்.
மேடு ஏறும்போது உறிஞ்சற தம்மு பத்தல.
முழுசா சேரவும் இல்ல, முழுசா விலகவும் இல்ல.
பல்லு பல்ல ராவுது."

பிரிந்திருக்கவா இத்தனை மூச்சு?
வீட்டு கேஸ் இணைப்பு நினைவுக்கு வந்தது,
இன்னும் அவன் பெயரில்.
ஒவ்வொரு சிலிண்டருக்கும்
ஓடிபி அவன் ஃபோனுக்குப் போகும்,
அவன் அனுப்புவான், ஒரு ஸ்மைலியோடு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
லெவல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டறையில் எஞ்சினை ஓடவிட்டு
சக்கரத்துக்குப் போகும் மெல்லிய குழாய்களைப் பிடுங்கி
முனையில் நாக்கை வைத்தார்.
இடது குழாய் நாக்கைக் கவ்வியது,
பேச வந்த வார்த்தை குழறியது.
வலது குழாயில் நாக்கு வழுக்கி விழுந்தது.
டார்ச் அடித்து வளைத்தால்
ரப்பரில் இரண்டு சின்னப் பல்தடம்.
எலி.

குழாய் நூற்றி முப்பது ரூபாய்.
மாற்றிய பேரிங்குகளின் விலையைப் பற்றி
மூவரும் டீ முடியும்வரை பேசவில்லை.

மறுநாள் கதாநாயகி சுத்தமாகப் பேசினாள்.
அவள் சொன்ன வசனம்
அவ்வளவு மோசம் என்பது
அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது.

அந்த இரவின் கோப்பை நான் அழிக்கவில்லை.
ஏழு மாதம் கழித்து வேறொரு படத்தில்
சிறைக்கதவு திறக்கும் இடத்தில் போட்டேன்.
தியேட்டரில் முன்வரிசையில் யாரோ
காதைப் பொத்திக்கொண்டார்.
பக்கத்து இருக்கையிலிருந்து ஜபருல்லா
என் பக்கம் சாய்ந்து சொன்னார்:
"வலது முன்னாடி."