உப்பு பாயும் இடம்

நில அளவைப் பிரிவில் எனக்கு வேலை
கரைக்கோட்டைத் திருத்துவது.
போன ஆண்டு நான் வரைந்த கோடு
இந்த ஆண்டு நிலத்துக்குள் கிடக்கிறது,
பிரித்துத் தைத்த சட்டையில் பழைய ஊசித்தடம்போல.

செவ்வாய்தோறும் ஏழரைக்குக் கிரேக்க வகுப்பு.
பீச் ரோட்டில், சாவிக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
ஆறு பேர். நால்வருக்குப் பிரசங்கம் செய்ய ஆசை.
எனக்கு அகராதி பிடிக்கும், அவ்வளவுதான்.

இன்றைய சொல் ஐகியலோஸ்.
இரவெல்லாம் வலை வீசி வெறுங்கையாய்த் திரும்பியவர்களை
விடியலில் ஒருவர் பார்த்து நின்றாரே, அந்த இடம்.
கடலோரம் என்று எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருக்கலாம்.
அகராதி விடவில்லை.
பாய்தல் ஒரு பாதி, உப்பு மறு பாதி என்கிறது.
உப்பு என்றாலே கடல்தானாம் அவர்களுக்கு.
அடுத்த வரியில் அதுவே, உறுதியில்லை என்கிறது.
யாரோ ஒருவர் ஆடு என்றிருக்கிறார்:
துள்ளிவரும் அலைக்கு வெள்ளாடு என்று பேராம்.

உங்கள் மொழியில் என்ன, என்றாள்
பக்கத்து இருக்கை ஹுவீ லிங்.
கரை, என்றேன்.
அதன் வேர்?

வேட்டிக்கும் கரை உண்டு.
கோப்பியில் சர்க்கரை செய்வதும் கரைவது.
விடிந்தால் காகம் செய்வதும் கரைவது.
எல்லாம் ஒரே வேரா, தெரியவில்லை.
முப்பத்தொன்பது வயதுவரை
கேட்கவும் தோன்றவில்லை.

யாரென்று தெரியாத ஒருவர் கரையில் நின்று கரைந்தார்
என்று நோட்டில் எழுதினேன். அடித்தேன்.
மறுபடி எழுதினேன்.

ஒன்பதரைக்கு இறங்கினால்
பீச் ரோட்டில் கடல் இல்லை.
லக்சா வாசனை, டாக்சி, பூட்டிய கடைகள்.
அப்பால் கண்ணாடிக் கோபுரங்கள் நிற்பது
கொண்டுவந்து கொட்டிய மண்ணில்.
தெருவின் பெயர் மட்டும்
கால் நனைய நிற்கிறது.

கைப்பேசியில் பழைய வரைபடத்தை விரித்தேன்.
கோடு இதோ, இந்த நிறுத்தத்தின் தூணை ஒட்டி.
ஹுவீ லிங் சிரித்துக்கொண்டே அதைத் தாண்டினாள்.
கடலுக்குள் நாலடி போய்த் திரும்பி நின்றாள்,
காலணி நனையாமல்,
பையை மார்போடு அணைத்தபடி.

வண்டிச் சத்தத்துக்கு மேலே நான் கரைந்தேன்:
ஏதாவது கிடைத்ததா?

ஒன்றுமில்லை, என்றாள்.

அவள் பேருந்து முதலில் வந்தது.