எண் நானூற்றுப் பதினாறு

சந்தைத் திடலில் இரண்டு நாள் இலவசப் பல் முகாம்.
கெண்டக்கி மலைச் சரிவுகளிலிருந்து இறங்கிவந்த
பிக்கப் வண்டிகளுக்குள்
ராத்திரி முழுக்கத் தூங்குகிறது எங்கள் ஜனம்,
கண்ணாடியில் மூச்சுப் படிய.

பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டுவிட்டதால்
ஹீட்டரை அணைத்துவிட்டேன்.
நடுவில் கோல்பி, ஆறு வயது.
அந்தப் பக்கம் அம்மா, வீங்கிய கன்னத்தில்
ஐஸ் பட்டாணிப் பொட்டலத்தை அழுத்திக்கொண்டு.
அது இளகி வெகுநேரமாயிற்று.

தாத்தா ஆர்வில் தன் பல்லைத் தானே பிடுங்குவார்:
ஒரு மடக்கு விஸ்கி, டிராக்டர் பெட்டிக் குறடு.
பிடுங்கியதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
சுரங்கத்துக்கு இரவு ஷிப்ட் போனதை
வீரக்கதையாகச் சொல்வார் அப்பா.
அதே குறடு பிறகு மகன் வாய்க்கு வந்ததை
குடித்தால் மட்டும் சொல்வார்.
அப்படிச் சொன்ன இரவுகளில் நாங்கள்
டிரெய்லருக்கு அடியில்
நாயோடு படுத்துக்கொள்வோம்.

காலை ஆறு மணி.
மாட்டுக் கண்காட்சிக் கொட்டகையில் வரிசையாக நாற்காலிகள்.
மரத்தூளும் கிராம்புத் தைலமும் கலந்த வாடை.
“முன்பல் ரெண்டும் எப்படி உடைஞ்சது?”
“படியில விழுந்துட்டேன்.”
பாரத்தில் எழுதிக்கொண்டாள் பல் மருத்துவம் படிக்கும் பெண்.

எங்கள் டிரெய்லருக்குப் படி கிடையாது.
இரண்டு சிமெண்டுக் கற்கள்தாம்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
அம்மாவுக்குச் சொல்தான் முதலில் போனது.

பதினொன்றைப் பிடுங்கினார்கள்.
கிண்ணத்தில் ஒவ்வொன்றாக விழுவதை
பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருந்தேன்.
கடித்துக் கடித்தே தேய்ந்த வம்சம்.

அடுத்து கோல்பி.
உறை போட்ட கை முகத்தருகே உயர்ந்ததும்
தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டான்,
முழங்கைகள் இரண்டும் காதுக்கு மேல்.
அந்தப் பெண் நிமிர்ந்து
என்னைப் பார்த்தாள்.

அப்பா செத்து ஒன்பது வருஷம்.
அவரை இவன் பார்த்ததே இல்லை.

போன மாதம். கரண்ட் பில். தரையெல்லாம் பால்.
ஒரே ஒரு தடவை என்றுதான்
எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன்.

பக்கத்து நாற்காலியிலிருந்து அம்மா
என்னவோ சொல்ல வந்தாள். புரியவில்லை.
ரத்தப் பஞ்சை வாயிலிருந்து எடுத்து
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு,
என்னைப் பார்க்காமல், அந்தப் பெண்ணிடம்,
“படியில விழல நான்” என்றாள்.

பேனா மூடியைத் திரும்பக் கழற்றினாள் அவள்.
எங்களுக்குப் பின்னால்
நானூற்றுப் பதினெட்டு இருமியது.