எஸ்லிங்கனில் மூன்றாம் சனி

பம்பு சோதிக்க வந்தவனுக்குச் சனிக்கிழமை விடுமுறை.
தொழிற்சாலை சாத்திக் கிடக்கிறது,
நெக்கார் ஆறு மட்டும் ஷிப்ட் பார்க்கிறது.

சந்தையில் பூசணி, காளான்,
பாதி புளித்த புதுத் திராட்சை மது.
மூடியை இறுக்கினால் வெடித்துவிடுமாம்,
தளர விட்டிருக்கிறார்கள்.
பக்கத்திலேயே வெங்காய அடை,
மேலே பன்றிக்கொழுப்புத் துணுக்குகள் மினுங்க.
கடந்து போனேன்.
இன்று புரட்டாசி மூன்றாம் சனி.
மாதம் முழுக்க என்னால் ஆகாது என்று
பெருமாளிடம் முன்பே பேசி
சனிக்கு மட்டும் முடித்துக்கொண்ட ஒப்பந்தம்.

மழை தள்ளிவிட்ட கடையில் ஆறே மேசை.
கரும்பலகையில் பெரிதாய் ஒரு பெயர்: மவுல்டாஷன்.
அடுத்த மேசைக்காரர் தட்டில்
சோமாசியும் இல்லை, கொழுக்கட்டையும் இல்லை,
நனைந்த தபால் உறை மாதிரி இரண்டு
தெளிந்த சாற்றில் மிதந்தன.
வெட்டிய இடத்தில் பச்சை.
கீரை! என்று
என் வயிறு தமிழில் கத்தியது.

பரிமாறுகிறவள் ஹில்ட்ரூட்.
என் ஜெர்மன் முப்பது சொல், அவள் ஆங்கிலம் நாற்பது.
மீதியைக் கைகள் பேசின.
கீரை உண்டு, என்றாள்.
கீரைக்குப் பின்னால் இன்னொருவரும் உண்டு.

நோன்புக் காலம். ஒரு மடம்.
ஒரு துறவியின் கையில் எப்படியோ வந்து சேர்ந்த இறைச்சி.
கொத்தினார், கீரையில் புதைத்தார்,
மாவை இழுத்துப் போர்த்தினார்.
மேலேயிருந்து பார்க்கிற ஆண்டவருக்கு
மாவு மட்டும்தானே தெரியும்?
அதனால் இதற்கு இங்கே ஒரு செல்லப்பெயர்,
கடவுளை ஏய்க்கும் பொடியன்.

பீளமேட்டு பேக்கரியில் தணிகைவேல்
புரட்டாசியிலும் முட்டை பப்ஸ் கடிப்பான்.
"நான் முட்டையைப் பார்க்கல,
முட்டை என்னைப் பார்க்கல."
அவன் எந்த மடத்து ஆள் என்று
இன்றுதான் தெரிந்தது.

எனக்கு ஷ்பெட்ஸ்லே வந்தது.
பலகையிலிருந்து கொதிநீரில் சீவித் தள்ளிய மாவு.
இடியாப்பத்துக்குக் கோபம் வந்தால் இப்படி இருக்கும்.
நூல் விடும் சீஸ், மேலே முறுக வதங்கிய வெங்காயம்.
குறை சொல்ல மாட்டேன், வழித்துத்தான் தின்றேன்.
ஆனாலும் அடுத்த மேசையிலிருந்து
ஜாதிக்காய் மணக்க மணக்க
யாரோ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அறையில் படுத்துக் கைபேசியைப் பார்த்தேன்.
அதில் இரண்டு கடிகாரம்.
மூன்றரை மணி வித்தியாசம்.
இங்கே எட்டரை என்றால் அங்கே நள்ளிரவு,
நள்ளிரவு என்றால் ஞாயிறு.
பெருமாள் எந்த நேரப்படி இருக்கிறார்?
திருமலை நேரப்படிதானே.

எட்டேகாலுக்குக் கடையில் இருந்தேன்.
எட்டு இருபத்திரண்டுக்குத் தட்டு வந்தது.
எட்டு நிமிடம்
நானும் அதுவும் முகத்தோடு முகம்.
ஆவி மெலிந்துகொண்டே போயிற்று.
பிடிக்கவில்லையா, என்றாள் ஹில்ட்ரூட்.
விரல்களை மடக்கி மடக்கிக் கணக்கைச் சொன்னேன்.
அவள் உள்ளே போய்ச் சமையல்காரரை இழுத்து வந்தாள்.
கரண்டியும் கையுமாக அவர்,
ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு அவள்,
முள்கரண்டியோடு நான்,
மூவரும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்தோம்.

எட்டரை.

முதலில் மாவு வழுக்கியது.
பிறகு கீரை, பார்ஸ்லி, ஊறிய ரொட்டி,
அதற்கும் பிறகு,
ஒளிந்திருந்து ஒளிந்திருந்து மென்மையாகிப் போன
அவர்.

கைபேசி அதிர்ந்தது. புஷ்கலா தூங்கவில்லை.
"சாப்பிட்டாச்சா?"
"ஆச்சு."
"என்ன?"
"கீரைக் கொழுக்கட்டை மாதிரி ஒண்ணு."

எழுதுகிறாள். நிறுத்துகிறாள். எழுதுகிறாள்.

"அங்க இன்னும் சனிக்கிழமைதானே?"

தட்டில் மிச்சமிருந்தது
சாற்றுக்குள் மெல்லப்
புரண்டு படுத்தது.