ஆற்றின் பெயர் வரும் இடம்

ஏழாம் எண் மெழுகு உருளையில்
முதலில் ஓர் இருமல்.
பிறகு கெசையா மாலெட், வயது எழுபத்தொன்று,
லோடன் ஏழைகள் விடுதி, சலவைக்காரி.
யேர் ஆற்றில் விழுந்த பெண்ணைப் பாடுகிறாள்.
அவசரமே இல்லை அவளுக்கு.
துணி பிழிவதுபோல் ஒவ்வொரு வரியையும்
கடைசிச் சொட்டு வரை.
முடிந்ததும் சொல்கிறாள்,
"எங்க மதகுலதான்."

பாதிரியார் லவிக் குறிப்பேட்டில் எழுதினார்:
மிகப் பழையது. உள்ளூர்ச் சம்பவம் என்பது உறுதி.
அந்த இடத்தையே அவருக்குக் காட்டினார்களாம்,
வில்லோ மரத்தைக்கூட.

எனக்கும் அது போதுமாயிருந்தது
லிங்கன்ஷயரிலிருந்து ஒரு நகல் வரும்வரை.
அதே பெண், அதே பச்சைப் பாவாடை,
ட்ரென்ட் ஆறு.
அங்கேயும் ஒரு மரம் காட்டுகிறார்கள்.
பிறகு ஒரு படகோட்டி: செவர்ன்.
நியூகாசில் சுரங்கக்காரர் ஒருவர்: டைன்;
செத்தவள் தனக்கு அத்தைமுறை என்று
சத்தியம்கூடச் செய்தார்.

ஒருத்தி எத்தனை ஆற்றில்தான் சாவாள்?

பதினோரு குளிர்காலம், சனிக்கிழமைகள் மட்டும்.
என் கணவர் சலித்துப்போய்
தனியே மீன்பிடிக்கப் போகத் தொடங்கினார்.

நார்விச் ஆவணக் கிடங்கில், ஒரு மார்ச் மாதம்,
விதைக் கடை விலைப்பட்டியல்களுக்கு அடியில் கிடந்தது
அரைப்பென்னித் தாள், 1819.
மேலே வேறெந்தப் பாட்டுக்கோ செதுக்கிய கப்பல்.
அச்சிட்டவர் ஆம்ப்ரோஸ் திர்க்கெட்டில்.
இரண்டாம் அடியில்
ஆற்றின் பெயர் வரும் இடத்தில்
ஒரு கோடு.
வெறும் கோடு.
ஓரத்தில் பொடி எழுத்தில், விற்பவர்களுக்கு:
எந்த ஊர்ச் சந்தையோ
அந்த ஊர் ஆற்றைச் சொல்லிப் பாடவும்.

சிரித்துவிட்டேன்.
பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

அப்புறம்தான் திர்க்கெட்டிலின் கணக்குப் புத்தகம்.
மை, நான்கு ஷில்லிங்.
பாட்டு ஒன்று, பின்கதவில் வந்த பெண்ணிடம், ஒரு ஷில்லிங்.
பெயர் எழுதவில்லை.
அதே தேதி, அடுத்த வரி:
தரையைத் துடைத்த பையனுக்கு, அரைப்பென்னி.

அன்று மழை பெய்ததா என்று பார்க்கலாம்.
பதிவேடு இருக்கிறது, இரண்டாம் மாடியில்.
பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் பாலத்தில் நின்று
யாரும் வராத நேரமாகப் பாடிப் பார்த்தேன்.
வென்சம் என்றால் ஓர் அசை குறைகிறது.
கொஞ்சம் இழுத்தால்
சரியாக உட்காருகிறது.