சாவி

கன்னடியன் கால்வாய்க்குத் தெற்கே
குத்தகைக்கு எடுத்த முக்கால் ஏக்கரில்
பன்னிரண்டு பாலிதீன் கூண்டுகள்.
மேலே திறப்பு. உள்ளே நெல்.
வெளியைவிட இரண்டு டிகிரி கூடுதலாக
வைத்திருக்கிறோம்.
அறிக்கையில் அதன் பெயர்
எதிர்காலம்.
கூண்டில்லாத பாத்திகளின் பெயர் ஒப்பீடு.
அதாவது, இன்று.

"கோழி வளக்கியளா?"
கேட்டுவிட்டுப் போகிறார்கள்
சேரன்மாதேவிச் சந்தைக்குப் போகிறவர்கள்.

நெல்லின் பூ ஒரு மணி நேரம்தான் திறந்திருக்கும்.
உமி இரண்டும் லேசாக விலகும்,
ஆறு பைகள் வெளியே தொங்கும்,
காற்று ஒரு தட்டுத் தட்டினால் போதும்.
பிறகு மூடிக்கொள்ளும். மறுபடி திறக்காது.
அந்த ஒரு மணி நேரத்தில்
முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டால்
உதிர வேண்டிய மகரந்தம்
பைக்குள்ளேயே வெந்துபோகும்.
கதிர் வரும். பச்சையாய், விறைப்பாய்,
பார்க்க அழகாய் நிற்கும்.
நிமிர்ந்து நிற்பதுதான் கோளாறு.

போன காரில், கூண்டுக் கதிரை உருவி
முப்பிடாதி அக்கா தாம்பாளத்தில் கொட்டினாள்.
நான் உப்புத் தண்ணீரில் போட்டுப் பிரிப்பேன்,
மிதப்பது, மூழ்குவது.
அவளுக்குத் தண்ணீர் வேண்டாம், இரண்டு விரல் போதும்.
"மணி. மணி. சாவி. சாவி. சாவி.
இம்புட்டுச் சாவி எந்தப் பூட்டுக்குளா?"
சிரித்துக்கொண்டே
மலட்டுத்தன்மை, சதவீதம் என்ற கட்டத்தில்
நாற்பத்தொன்று என்று எழுதினேன்.

இந்தக் காரில் சாரல் இல்லை.
ஆடி முழுக்கப் பொதிகைமேல் மேகம் உட்கார்ந்திருந்தது,
எழுந்தது, கேரளத்துப் பக்கம் போய்விட்டது.
ஆவணி எட்டு, காலை பத்து இருபது,
பூத்துக்கொண்டிருந்த ஒப்பீட்டுப் பாத்தியில்
முப்பத்தாறு புள்ளி நான்கு.
கருவியைத் தட்டினேன்.
ஜீப்பிலிருந்து இன்னொன்று எடுத்து வந்து வைத்தேன்.
அதுவும் அதையே சொன்னது.
வெட்டவெளியில்தான் நின்றேன்,
போன வருடத்துக் கூண்டுக்குள்.

கோயம்புத்தூரிலிருந்து போன்:
ஒப்பீடு கெட்டுப்போனால் என்ன,
இந்த வருடத் தரவை விட்டுவிடுங்கள்,
அடுத்த காரில் திரும்பச் செய்யலாம்.

பக்கத்து வயல் ஆவுடையப்பனுடையது,
இரண்டு கோட்டை விதைப்பாடு.
வரப்பில் நின்று ஒரு கதிரைக் கசக்கி
உள்ளங்கையில் வைத்து ஊதினார்.
கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.
"ஒங்க மிசினு என்ன சொல்லுது?"
சொன்னேன்.
"அது கெடக்கட்டும், சங்கத்துல நான் என்ன சொல்ல?"
வருடத்தை விட்டுவிடும் கட்டம்
அவருடைய கடன் பாஸ்புக்கில் இல்லை.

தரவை நான் அழிக்கவில்லை.
ஒப்பீடு என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு
'வெளியே' என்று எழுதி வைத்தேன்.

வரப்போரம் நாற்பது வரிசை
பழைய விதைகளும் நட்டிருந்தோம்,
யாரும் அக்கறைப்படாத நாற்பது.
ஒயர் கடித்த எலியைத் தேடி
ஒருநாள் ஆறரைக்கே வந்தவள்
முப்பத்தேழாம் வரிசையைப் பார்த்தேன்.
செங்கோட்டை பாசஞ்சர் இன்னும் வரவில்லை,
அதற்குள் திறந்து
பனி காயுமுன் வேலையை முடித்து
மூடிக்கொண்டிருந்தது.
சிவப்பு நூல் கட்டினேன்.
தூர் குறைவு, தண்டு சாய்கிறது, அரிசி தடி.
ஆனால் புரட்டாசியில்
அந்த வரிசை மட்டும் தலை குனிந்தது.

"மணி. மணி. மணி," என்றாள் முப்பிடாதி அக்கா.
அப்புறம் ஒரு சாவி. அப்புறம் மணி.
நசுக்காதே அக்கா, விதைக்கு வேண்டும் என்றேன்.

தகர டப்பாவில் ஒரு கைப்பிடி.
இது ஆவுடையப்பனின் வயலுக்கு வர
ஆறு கார் ஆகும். எட்டும் ஆகலாம்.
டப்பாவை ஆட்டிக் காட்டினேன்.
காதில் விழுந்ததா தெரியவில்லை.
பிசானத்துக்கு
நாற்றங்கால் மண்ணை மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்
அணையை எப்போது திறப்பார்கள்
என்று மட்டும் கேட்டார்.