வரி ஒன்று, எழுத்து ஒன்று

வெஸ்ட்மன்னா நீரிணையில்
மீன்கூண்டுகளுக்கு நடுவே மிதக்கும் தீவன மேடையிலிருந்து
ஹெர்காய்ர் கூப்பிட்டபோது மணி இரண்டேகால்.
"மறுபடியும் அதையே சொல்கிறது, சுன்வா:
வரி ஒன்று, எழுத்து ஒன்று, எதிர்பாராத உள்ளீடு."

வரி ஒன்றில் இருப்பது அவன் பெயர்.
நாற்பது வருஷமாக அதே பெயர்தான், என்றான்,
அதில் யாருக்கு என்ன அதிர்ச்சி?
நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.
ஆறு மணிக்குள் அட்டவணை ஏற வேண்டும்.
பதினொரு கூண்டுச் சால்மன், பக்கவாட்டில் மழை.

சின்னச் சின்னப் பார்சர்களைக் கோத்து
ஒரு பெரிய பார்சர் செய்திருந்தேன்.
எண்ணுக்கு ஒன்று, கூண்டுக்கு ஒன்று, காற்று வேகத்துக்கு ஒன்று;
இது இல்லையென்றால் அது.
பயத்தில் ஒவ்வொன்றின் தலையிலும்
ஒரு 'முயன்று பார்' வைத்தேன்:
தோற்றால், தின்ற எழுத்தையெல்லாம் கக்கிவிட்டு
வாசலுக்கே வந்துவிட வேண்டும்.

வந்துவிடுகிறது.
நாற்பது வரி நடந்து
நாற்பத்தோராவதில் தடுக்கி விழுந்து
கிளம்பிய இடத்துக்கே ஓடிவந்து
நான் உள்ளேயே போகவில்லை என்கிறது,
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தபடி.

பத்து மணிக்கு விடிகிற மாதம் இது.
பதினான்கு 'முயன்று பார்'களில் பன்னிரண்டைப் பிடுங்கினேன்.
மீதி இரண்டை, உண்மையாகவே வழி பிரிகிற
அந்த ஒற்றை எழுத்துக்கு மட்டும் ஒதுக்கினேன்.
தோற்றவர்கள் பலர் வந்து நின்றால்
அதிக தூரம் போனவனைக் கேள், என்று எழுதினேன்.
'இலக்கம் அல்லது வெற்றிடம் அல்லது குறி அல்லது'
என்ற புலம்பலை அழித்துவிட்டு
'தீவன அளவு' என்று பெயர் வைத்தேன்.

நாலரைக்கு அது வாய் திறந்தது.

வரி 41, எழுத்து 17.
'2' வரை புரிந்தது. அடுத்து ஒரு காற்புள்ளி.
தீவன அளவில் தசமத்துக்குப் புள்ளி தேவை: 2.5

காற்புள்ளி!
இந்தத் தீவுகளில் பள்ளிக்கூடம் போன எல்லோரும்
இரண்டரையை அப்படித்தான் எழுதுகிறோம்.
நானும்தான், வெண்ணெய் வாங்கும் சீட்டில்.
அதைப் பிடுங்கிக் கூண்டுகளைப் பிரிக்க வைத்தது நான்;
ஏதோ ஒரு கையேட்டில் அப்படி இருந்தது.

ஹெர்காய்ர் திருத்தினான். குழாய்கள் இருமிவிட்டுத்
தீவனம் துப்பத் தொடங்கும் சத்தம் போனில் கேட்டது.
"இப்போது எங்கே என்று சொல்கிறது. நல்லது.
யார் தப்பு என்றுதான் சொல்லவில்லை."

போனை வைத்துவிட்டு
இலக்கணக் கோப்பைத் திறந்தேன்.
அரைப்புள்ளி அங்கே
வேலை ஏதும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.